அமாவாசைக்கு மறுநாள்

மாமா,

இன்று காலை கண் விழித்தபோது சமையலறையிலிருந்து வாழைக்காய் வதங்கும் வாசனை வந்தது. வெங்காயம் போடாமல், பெருங்காயம் மட்டும் தூக்கலாக இருக்கும் வாசனை. காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அமாவாசை. முன்பெல்லாம் இந்த வாசனைக்குப் பசிக்கும். இப்போது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறேன். அம்மா அப்பாவிடம், "நாளைக்கு எங்கயும் போயிடாதீங்கோ, ஆத்திலேயே இருங்கோ" என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் அமாவாசையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மறுநாளுக்குத்தான் பயப்படுகிறோம்.

நீ எங்களோடு இருந்த நாட்களில் அந்த மறுநாளுக்கு ஒரு பெயரும் கிடையாது. அம்மாவின் ஒரே தம்பி நீ. பம்பாய் போரிபந்தரில் ரெயில்வே ஆபீஸில் குமாஸ்தா. மாதுங்காவில் எங்கள் வீட்டு வராந்தாவில் உன் படுக்கை, அதற்கு அரைச் சாண் தள்ளி உன் சைக்கிள். தினமும் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருவாய். "கீழயே பூட்டி வைக்கறதுதானேடா?" என்று அம்மா கேட்டால், "ராத்திரி தனியா இருந்தா பயப்படும் அக்கா" என்பாய்.

உனக்கு ஓர் ஆசை இருந்தது. ஜோத்பூர் வரை ரெயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ஜெய்சல்மேர் வரை மிதிக்க வேண்டும். லாரி இல்லாத, ஹாரன் இல்லாத, நாள் முழுக்க ஒரு மனிதரையும் பார்க்காத ரோடு. பள்ளி நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த பாலைவனப் புத்தகத்தை என்னைவிட நீதான் அதிகம் படித்தாய். வெயிலுக்கும் எதிர்காற்றுக்கும் கண்கூச்சத்துக்கும் பழக வேண்டும் என்றாய். பம்பாயில் பாலைவனத்துக்கு எங்கே போவது? உப்பளம் இருக்கிறதே என்று கண்டுபிடித்ததும் நீதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுப்பாய். அம்மா வாசலில் நின்றுகொண்டு வழக்கமான பாட்டைத் தொடங்குவாள்.

"ஏண்டா, ஊர்ல பார்க் இல்லையா, பீச் இல்லையா? ஆள் நடமாட்டமே இல்லாத எடத்துக்கா கொழந்தைய இழுத்துண்டு போவே?"

"ஆள் இல்லாததுதான் அக்கா அங்க விசேஷம்."

"பேய்தான் இருக்கும்."

"இருந்தா உம் பொண்ணு பூகோளப் பாடம் ஒப்பிச்சே வெரட்டிடுவா."

சயான் தாண்டி, செம்பூரும் தாண்டியதும் ஊர் சட்டென்று கழன்று விழும். வாரநாட்களில் அந்த ரோட்டில் தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் போகும். ஞாயிறன்று அதுவும் இல்லை. மலையடிவாரத்தில் இரண்டு பக்கமும் மரங்கள் மூடிக்கொள்ளும். நம் இரண்டு சங்கிலிகளின் சத்தம், இறக்கத்தில் ஃப்ரீவீல் கிர்ரென்று சுற்றும் சத்தம், வேறொன்றும் இல்லை. உனக்கு அந்த அமைதி பிடித்தது. "கேளேன், ஒண்ணுமே கேக்கலை" என்பாய், பரிசு கிடைத்தவன் போல. எனக்கு மட்டும், நாம் உள்ளே நுழைந்ததும் யாரோ பேச்சை நிறுத்திக்கொண்டது போல இருக்கும். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் கேலி செய்வாய்.

காடு முடியும் இடத்தில் கதவைத் திறந்தது போல வெள்ளை. கண்ணுக்கெட்டிய வரை உப்புப் பாத்திகள். நடுவே சைக்கிள் போகும் அளவுக்கு ஒரு மண்கரை, தூரத்தில் தெரியும் உப்பங்கழி வரை நேராகப் போகும். மத்தியான வெயிலில் கரையின் மறுமுனை தண்ணீரில் ஆடுவது போல நெளியும். "வந்தாச்சு ஜெய்சல்மேர்!" என்று நீ கத்துவாய். திரும்பக் கத்த அங்கே ஒரு சுவர்கூட இல்லை. உன் குரல் போய்க்கொண்டே இருக்கும்.

ஒருநாள் கரையின் கோடியில் இருந்த உடைந்த மதகின் மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். எதிரே உப்பங்கழி சேறாகக் கிடந்தது. தண்ணீர் எங்கோ ஒரு கோடாக மின்னியது. நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். நாம் வந்த வழியில், நம் டயர் தடங்கள் கறுத்திருந்தன. முதலில் நிழல் என்று நினைத்தேன். பிறகு ஒரு வைக்கோல் துரும்பு கரைக்குக் குறுக்கே மெல்ல நகர்வதைப் பார்த்தேன்.

கடல் என்றால் முன்னாலிருந்து, அலையாக, சத்தத்தோடு வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது பக்கவாட்டு வாய்க்கால்களில் சுற்றிப் போய், நிலத்துப் பக்கமிருந்து, நமக்குப் பின்னால் ஏறியிருந்தது. நுரை இல்லை, சத்தம் இல்லை. பாத்தியிலிருந்து பாத்திக்கு நிரம்பிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, ஜெய்சல்மேர்ல மழை!" என்று சிரித்தாய். ஆனால் ரோட்டுக்கு வந்து சேரும்வரை உன் ஒரு கை என் சைக்கிள் சீட்டை விடவேயில்லை. கணுக்கால் அளவு தண்ணீர்தான். அதற்குள் கரையோரம் மண் கரைந்து காலடியில் வழுக்கியது.

ரோட்டோரக் குடிசையிலிருந்து உப்பளக் காவல்காரர் வெளியே வந்து நம் ஈரக் கால்களைப் பார்த்தார். "அமாவஸ் மே மத் ஆனா, சாப். பானி படா ஹோதா ஹை" என்றார். அமாவாசையில் வரவேண்டாம், தண்ணீர் பெரிதாக வரும் என்று. நீ பெரிய கும்பிடு போட்டாய்.

திரும்பும் வழியில் மரநிழலில் நின்று பாவாடையைப் பிழிந்தபோது கேட்டேன். "நெஜமாவே வராம இருப்பியா மாமா?"

"அமாவாசையன்னிக்கு எனக்கு எங்கடி ஒழியறது? காலம்பற ஸ்நானம், தர்ப்பணம், அப்பறம் உங்கம்மா எலை போட்டு, வாழைக்கா கறி, பாயசம்னு ஒரு பிடி பிடிச்சா அதுக்கப்பறம் சைக்கிள் ஏற முடியுமா, மாடிப்படிதான் ஏற முடியுமா? எங்கப்பா மேலேர்ந்து பாத்துக்கறார். அன்னிக்கு என்னை நகர விடமாட்டார்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பூகோளப் புத்தகத்திலும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் அதிகம் பொங்கும் என்றுதான் போட்டிருந்தது. மறுநாளைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் வீட்டில் தர்ப்பணம் முடிந்து இலையை எடுத்துவிட்டால் அமாவாசை முடிந்தது. யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

உனக்கு லீவு சாங்ஷன் ஆனது. ஜோத்பூருக்கு ரெயில் பாஸும் எழுதி வாங்கிவிட்டாய். சாமான்களோடு மிதித்துப் பழக வேண்டும் என்று கேரியரின் இரண்டு பக்கமும் கான்வாஸ் பைகளில் மண் நிரப்பிக் கட்டினாய். அந்த வாரம் சனிக்கிழமை அமாவாசை வந்தது. நீ எங்கும் போகவில்லை. தர்ப்பணம் செய்தாய், சாப்பிட்டாய், தூங்கினாய்.

ஞாயிறு காலை உன்னோடு வர முடியாமல் எனக்குக் காய்ச்சல். படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். மண்பைகளோடு சைக்கிளை வாசல்படி தாண்டத் தூக்க முடியாமல் நீ முக்கினாய்.

"ஒட்டகம் மாதிரி இருக்குடா அது" என்றாள் அம்மா.

"அக்கா, நேத்தோட கண்டம் தாண்டியாச்சு. இனிமே பௌர்ணமி வரைக்கும் கடல் நம்ம பாக்கெட்ல." என் பக்கம் திரும்பி, "காய்ச்சல் எறங்கட்டும். அடுத்த வாரம் நீதான் ஒட்டகத்த ஓட்டறே" என்றாய். படிகளில் சைக்கிள் தடதடவென்று இறங்கியது. அதுதான் கடைசி.

மத்தியானம் உனக்காக எடுத்து வைத்த சோறு ஆறியது. வெயில் சாய்ந்ததும் அப்பா டாக்ஸி வைத்துக்கொண்டு போனார். உப்பளத்துக்காரர்கள் முதலில் சைக்கிளைத்தான் எடுத்திருந்தார்கள், பிறகுதான் உன்னை. கரை ஓரிடத்தில் உடைந்திருந்ததாம். சைக்கிளை விட்டுவிட்டு வந்திருந்தால் கடந்திருக்கலாம், உருட்டிக்கொண்டே வரப் பார்த்திருக்கிறார், வாய்க்கால் பக்கம் சரிந்திருக்கிறார் என்று சொன்னார்களாம். மாதுங்காவில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்த உனக்கு நீச்சல் எங்கே தெரியும்?

அப்பாவால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை. "அமாவாசை முந்தின நாளே ஆயிடுத்தே" என்று சாப்பிடும்போதும் சொன்னார், சவரம் செய்யும்போதும் சொன்னார். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அந்த இடத்துக்குக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் ரோட்டோரத்தில் நின்றோம். காவல்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, தலைப்பாகையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். எதிரே உப்பங்கழி அப்படியே கிடந்தது. கரையின் இந்தப் பக்கம், எங்களுக்கு அருகில், மண் முதலில் நிறம் மாறியது. பிறகு பாத்திகளுக்கு நடுவிலிருந்த வரப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, கரை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. நீ சொல்வாயே, ஒண்ணுமே கேக்கலை என்று. அப்படித்தான் இருந்தது.

"நேத்துதானே அமாவாசை" என்றார் அப்பா, தமிழிலேயே, யாரிடமோ.

காவல்காரருக்கு அமாவாசை என்ற சொல் புரிந்திருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்தபடியே, "கல் ஸே ஆஜ் ஜ்யாதா ஹோதா ஹை, சாப்" என்றார். நேற்றைவிட இன்றுதான் அதிகம் வரும். பிறகு, "கல் பீ" என்றார். நாளையும்.

செருப்பு நுனி நனைந்த பிறகுதான் அப்பா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். டாக்ஸியில் வரும்போது, தன்னையே திட்டிக்கொள்வது போல ஒருமுறை சொன்னார்: "நாம தர்ப்பணம் பண்ணி முடிச்சோம்னு அதுக்கு யார் போய்ச் சொன்னா?"

மாமா, பாலைவனப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன்னோடு சுற்றியதில் பயம் வந்துவிட்டதா என்று அம்மா கவலைப்படுகிறாள். இருட்டு எனக்குப் பயமில்லை, மரங்களும் பயமில்லை. பள்ளிவிட்டு வரும்போது, கிங்ஸ் சர்க்கிள் சந்தடியெல்லாம் ஓய்ந்து எங்கள் தெருவுக்குள் திரும்பியதும், ஆள் இல்லாத அந்த ரோட்டில் மட்டும் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. தோழிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "யாருடி பின்னாடி வரான்? பாக்க நன்னா இருப்பானா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். வெயிலில் தார் ரோடு காய்ந்துதான் கிடக்கிறது. நான்கு வீடு தாண்டுவதற்குள் இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன்.