பன்னிரண்டு புதுச் சிப்பாய்கள்

டில்லி,

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடும் கிளப்புக்குப் போகிறேன். ஃபிரிட்ஜில் பட்டாணி சூப் இருக்கிறது, சூடாக்கிக்கொள். பின்கதவை நன்றாக இழுத்தால்தான் பூட்டும்.

நாலு மணிக்கு டெர்பியிலிருந்து பெக்விக் வருவார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பிப்பா உட்கார்ந்து பெயிண்ட் அடித்த வாட்டர்லூ போர்ப் படையை, அந்த முந்நூறு ஈயச் சிப்பாய்களையும், அவருக்கு விற்பதாகச் சொல்லிவிட்டேன். அலமாரிச் சாவி டீத்தூள் டப்பாவில் இருக்கிறது. இன்றைய ஆட்டத்துக்கு வேண்டியவர்களை மட்டும் எடுத்துப் போகிறேன். அவர்களை நாளை அனுப்பிவிடலாம்.

நேற்று நான் கத்தியிருக்கக் கூடாது. ஏப்ரலில் அவள் பாதியில் விட்டுப்போன பன்னிரண்டு பேரை நீ முடித்து வைத்திருந்தாய். "யாரைக் கேட்டு இதத் தொட்ட?" என்றேன். "செத்துப்போன அக்காகிட்டயா கேக்க முடியும், ஓவன்?" என்றாய். அதற்குத்தான் கத்தினேன்.

நீ அடித்த சிவப்புக் கோட்டு நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரையும் எடுத்துப் போகிறேன்.

ஓவன்

பின்குறிப்பு: புதிதாகப் பெயிண்ட் அடித்த படை முதல் சண்டையில் ஓடிவிடும் என்று கிளப்பில் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் பகடையும் அப்படித்தான் விழும், படை ஓடியும்விடும். பிப்பா சிரிப்பாள். "ஓடட்டும்டா, அடுத்த சண்டையில நிப்பாங்க பாரு" என்பாள். உன் பன்னிரண்டு பேரும் இன்று ஓடத்தான் போகிறார்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். பெக்விக்கிடம் சாவியைக் கொடுக்காதே. டீ மட்டும் கொடு, அவ்வளவு தூரம் வருகிறார். அடுத்த சண்டை வரும் ஞாயிறு. நீயும் வா.