பின்பக்கத்துப் பொடி எழுத்து

மார்ச் 4

காலையில் ஜாம் காய்ச்சி இறக்கும் நேரத்தில் கோர்ட் நோட்டீஸ் வந்தது. என் கையெல்லாம் பிசுபிசுப்பு. அண்ணிதான் பிரித்துப் படித்தார். எங்கள் பாட்டிலின் முன்பக்கம் 'ப்ரிசர்வேட்டிவ் துளியும் இல்லை' என்று போட்டிருக்கிறோம். பின்பக்கம் பொடி எழுத்தில் சிட்ரிக் அமிலம் என்றும் இருக்கிறது. அதுவும் கெடாமல் காப்பதுதானே, வாங்குபவரை ஏமாற்றுகிறீர்கள் என்று நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு. போட்டவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"புளிப்புக்குத்தானே போடறோம்! இதுக்குப் போய் கோர்ட்டா?" என்றார் அண்ணி.

அந்த முன்பக்க வரியை எழுதியவள் நான். ஏமாற்றுக்காரியா? நானா?

மார்ச் 5

சோறு இறங்கவில்லை.

மார்ச் 11

எங்கள் வக்கீல் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "அந்த அமிலம் போடலேன்னா ஜாம் தாங்குமா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மேசையைப் பார்த்தார். "சீக்கிரம் பூஞ்சை பிடிச்சிடும்."

"அப்ப வெறும் புளிப்புக்குன்னு கோர்ட்ல சொல்லிடாதீங்க."



மார்ச் 23

சமரசப் பேச்சு. கண்ணாடிக் கடைக்காரர் வம்புக்கு வந்த ஆள் என்று நினைத்துப் போனேன். மனைவியையும் அழைத்து வந்திருந்தார் - மெலிந்த பெண்மணி, மடியில் இன்ஹேலர்.

"கெடாம இருக்கப் போடற சல்ஃபைட் இவளுக்கு ஆகாதும்மா. ஒரு தடவை உலர் திராட்சை தின்னு மூச்சே நின்னுடும்போல ஆயிடுச்சு. அதுலேருந்து லேபிளைப் பார்த்துதான் இவளுக்கு எதையும் வாங்கறேன். உங்க சிட்ரிக் அமிலம் இவளை ஒண்ணும் பண்ணாது. ஆனா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு போட்டா, மத்ததை எப்படி நம்பறது?"



மார்ச் 24

விடிந்ததும் கிடங்குக்குப் போய் ஒவ்வொரு மூட்டையாகத் திருப்பிப் படித்தேன். உலர்ந்த ஆப்ரிகாட் மூட்டையின் தையலோரம் ஒரு சின்னச் சீட்டு: 'சல்ஃபைட் சேர்த்துப் பதப்படுத்தியது.'

மூன்று வருஷமாக வரும் மூட்டை. நாங்கள் எதையும் சேர்க்கவில்லைதான் - சேர்த்தேதான் வந்திருக்கிறது. நான் படிக்கவில்லை. ஐயோ, அந்த ஜாம் எத்தனை பேர் வீட்டில் இருக்கோ!

கடைகளில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டலாமா என்று வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டேன். "பாட்டிலைத் திரும்ப எடுங்க, சரி. நோட்டீஸ் ஒட்டறதுக்கு, ஜாமை லேபுக்கு அனுப்பி முடிவு வரட்டும். இப்பவே ஒட்டினா அதையே உங்களுக்கு எதிரா காட்டுவாங்க."

அண்ணி போனைப் பிடுங்கினார். "காட்டட்டும்மா. அதுக்குள்ள யாராவது ஒரு ஸ்பூன் தின்னுட்டா?"

சாயங்காலத்துக்குள் எல்லாக் கடைகளிலும் ஒட்டிவிட்டோம்: எங்கள் ஆப்ரிகாட் ஜாமில் சல்ஃபைட் இருக்கலாம், சாப்பிடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். என் கையெழுத்து, பசை அண்ணி. இந்த அண்ணி இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்?

ஏப்ரல் 2

லேப் முடிவு வந்தது. காய்ச்சிய பிறகும் சல்ஃபைட் போகவில்லை. நல்லவேளை, காத்திருக்கவில்லை. யாருக்கும் எதுவும் ஆனதாகத் தகவல் இல்லை. அதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

ஏப்ரல் 9

மறுபடி அதே சமரச மேசை. லேப் காகிதத்தை நானே அவர்கள் முன் நகர்த்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "உங்க ஆரஞ்சு ஜாம் முடிஞ்சதும் ஆப்ரிகாட் வாங்கலாம்னு இருந்தேன். கடையில உங்க நோட்டீஸைப் பார்த்துட்டு வெச்சுட்டேன்."

கணவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "லேபிளை மாத்துங்க. இனி வர்ற மூட்டையெல்லாம் படிச்சுட்டுக் காய்ச்சுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

"நீங்க கேஸ் போடலேன்னா நான் அந்த மூட்டையைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டேங்க," என்றேன். என் மேல் வழக்குப் போட்டவரை நான் கும்பிட்டதைப் பார்த்து வக்கீல் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான்.

ஏப்ரல் 10

இரண்டு தட்டு சோறு.

ஜூன் 17

புதிய லேபிளின் மாதிரி போன வாரம் அச்சகத்திலிருந்து வந்தது. என்னென்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது, அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, நானாகவே ஒன்றை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்பியிருந்தேன். இன்று சிவப்பு மையோடு திரும்பி வந்தது: 'எழுத்து இன்னும் பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி விற்கிறவனே சொல்கிறேன்.'

அதன் கீழே வேறு கையெழுத்தில், பென்சிலில்: 'அடுத்து காய்ச்சும்போது எனக்கு இரண்டு பாட்டில் எடுத்து வையுங்கள்.'