மிளகுப் பேணிக்குள் சிவப்பு நுனி

அக்கா,

உங்களுடைய முப்பத்தோராம் நாள் படையலுக்கு ரசம் வைக்கத்தான் உங்கள் மிளகுப் பேணியை, அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். மிளகோடு சேர்ந்து பித்தளை மணமும் வந்தது. கையை விட்டுக் கிளறினேன். மூன்று துப்பாக்கி ரவைகள். மூன்றின் நுனியிலும் சிவப்புப் பூச்சு. நான் முதலில் செய்தது அடுப்பை அணைத்ததுதான்.

லண்டனில் இந்த நோர்பரி வீட்டில் ஐந்து வருடம் நீங்கள் மேல் அறையிலும் நான் கீழ் அறையிலும் இருந்தோம். சொந்தம் எதுவும் இல்லை, சமையலறை மட்டும் பொது. கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை குறிபார்த்துச் சுடும் கழகத்துக்குப் போவீர்கள். உரிமத்துக்காக டொக்டரின் கடிதம், வீடு தேடி வந்த பொலிஸின் கேள்விகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கடந்தீர்கள்.

"வன்னிச் சண்டையில கேட்ட வெடி போதாதே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது ஒருத்தரும் சாகாத வெடியடா. சாகிறது கடதாசி மட்டும்."

போன கோடையில் வேடிக்கை பார்க்க என்னையும் கூட்டிப்போனீர்கள். புல் காய்ந்து வைக்கோலாகக் கிடந்தது. மைதானப் பொறுப்பாளரிடம் நீங்கள் ட்ரேசர் ரவை பற்றிக் கேட்டதும் அந்த மனிதர் சிரிப்பை நிறுத்தினார். அதன் பின்புறத்தில் இருக்கும் மருந்து எரிந்துகொண்டே போகும், மண்மேட்டில் பட்டுத் தெறித்து இந்தப் புல்லில் விழுந்தால் மைதானமே போய்விடும், அதனால் இங்கே அதற்கு இடமில்லை என்றார். உரிமப் பத்திரத்தில் எழுதியிருக்கும் வகையைத் தவிர வேறு ஒரு ரவை கையில் இருந்தாலும் குற்றம் என்றும் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

நீங்கள் கேட்டது அங்கே நின்ற ஒரு வயதான உறுப்பினரின் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பும் ரயிலில் உள்ளங்கையை விரித்துக் காட்டினீர்கள். சிவப்பு நுனியோடு மூன்று ட்ரேசர் ரவைகள். அந்தக் கிழவர் தன் பட்டாளத்துக் காலத்து ஞாபகமாகக் கார் கராஜில் வைத்திருந்தாராம். வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கார் நிறுத்துமிடத்தில் கொடுத்தாராம்.

"உங்களுக்கென்ன விசரா? நாளைக்கே திருப்பிக் குடுங்கோ," என்றேன்.

"ஓம், ஓம். கையில வச்சுத் தந்ததை உடன எப்பிடியடா திருப்பிறது? ஒருக்காப் பாக்கிறன். இவ்வளவு சின்னச் சாமானுக்கே பங்கருக்குள்ள கிடந்து நடுங்கினனாங்கள்?"

பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "இரவு வானத்தில நெருப்புக் கோடு மாதிரித் தெரியிறது இது ஒண்டு. அதுக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாத ரவை நாலு வரும். தெரியிறதுக்குப் பயப்பிடாதை."

திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் வேலைத்தளத்தில் நீங்கள் மயங்கி விழுந்தீர்கள், எழும்பவில்லை. உங்கள் துப்பாக்கி கழகத்துப் பூட்டறையில் இருந்ததால் இந்த வீட்டை யாரும் தேடவில்லை. ரவைகளை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நான்.

மேல்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்கார அண்ணை கீழே வந்து, பேணியைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"பேசாமல் தேம்ஸில கொண்டுபோய்ப் போடு. தமிழன், லண்டன், வெடிச்சாமான். மூண்டும் ஒரு பேப்பரில வந்தால் என்ர வீட்டுக்கு ஆர் வாடகைக்கு வருவான்?"

அவருக்கு வாடகைப் பயம். எனக்கு விசாப் பயம். குப்பையில் போட்டால் லொறி நசுக்கும்போது வெடிக்கும். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால் பஸ்ஸிலேயே பிடித்துவிடுவார்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டு யார் கதை கேட்பார்கள்? வெள்ளைக்காரக் கிழவரின் கராஜில் நாற்பது வருடம் கிடந்தால் அது ஞாபகப்பொருள். எங்கள் மிளகுப் பேணியில் ஒரு வருடம் கிடந்தால் வழக்கு. உங்கள் மேலும் கோபம் வந்தது அக்கா. ஒருக்காப் பார்த்தது போதாமல் போனதா?

பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொடவேண்டாம், வந்து எடுக்கிறோம் என்றார்கள். தொட்டுவிட்டேன் என்பதைச் சொல்லாமல் தொலைபேசியை வைத்தேன்.

"கேட்டால் ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு. பழியைச் செத்தவளில போடு. அவளை இனி ஆர் பிடிக்கிறது?" என்றார் அண்ணை.

இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். மிளகோடு சேர்த்துப் பேணியையே பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். பிறகு அந்தப் பெண் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, இது அவரிடம் இருந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று அமைதியாகக் கேட்டாள்.

அண்ணை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தபடி இருந்தது. தெரியாது என்று சொன்னால் நீங்கள் இந்த வீட்டில் களவாக வெடிமருந்து வைத்திருந்த பெண் ஆகிவிடுவீர்கள். மிச்சக் கதை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ரயிலில் காட்டினார். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டார் என்று நம்பினேன். கையால் தொட்டும்விட்டேன்," என்றேன். பங்கர், கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதினாள். கடைசியில் என் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

படையல் வைத்தேன். ரசத்தில் மிளகு இல்லை, குறை நினைக்காதீர்கள்.

வாசலுக்கு வந்த பொலிஸ் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். இப்போது கதவில் கடிதம் விழும் ஒவ்வொரு காலையிலும் தெரியாத நாலையும் எண்ணிக்கொண்டு நிற்கிறேன். கால் நடுங்குகிறது. ஆனால் பழியை உங்களில் போடவில்லை அக்கா. அது ஒன்றுதான் நடுங்காமல் என்னிடம் இருக்கிறது.