சொல்லின் வாலைப் பிடித்தவளுக்கு

இன்று காலை லாக்கரைத் திறந்தபோது உன் நீல நோட்டு கையில் பட்டது. அட்டையில் நீ தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே முழுக்க மருத்துவச் சொற்களின் வால்கள்தான்.

மலேசியாவில், கிள்ளான் ஆஸ்பத்திரியில் நாம் ஒரே வார்டில் நர்ஸாக இருந்தபோது, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே ஆரம்பித்துவிடுவாய். "கிரேக்கத்துல 'எக்'னா வெளியே, 'டொமே'னா வெட்டுறது. ஒரு சொல்லு 'ஓட்டமி'ன்னு முடிஞ்சா வெட்டித் தொறக்கறதோட சரி. 'எக்டமி'ன்னா வெட்டி எடுத்துருவாங்கடி."

"சாப்புட விடுலா!" என்று கத்துவேன்.

நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியாததா? உண்மையைச் சொல்லிவிடாதீர்கள் என்று குடும்பத்தார் தனியாக வந்து கெஞ்சுவார்கள். நாமும் நோயாளியிடம் "சின்ன ஆபரேஷன்தான்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். நான் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன்!

பிறகு அதே வார்டில் நீயே படுத்தாய். உன் வீட்டுக்காரர் வராந்தாவில் என்னை மறித்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா." நான் படிவத்தை நீட்டி, "சின்ன ஆபரேஷன்தான்" என்றேன். போயும் போயும் உன்னிடம்! வழக்கம் வாயில் அப்படி ஊறிப்போயிருந்தது.

நீ அழவில்லை. 'மாஸ்டெக்டமி' என்ற சொல்லின் கடைசியில் விரலை வைத்தாய். "என்கிட்டயேவாடி? எனக்கு வால் தெரியும், தப்பிச்சேன். தெரியாதவங்க என்ன செய்வாங்க?" எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தீபாவளிகூட நீ பார்க்கவில்லை.

இன்று கேரி தீவிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு அதே படிவம். அவர் மகன் அதே வராந்தாவில், "சின்ன ஆபரேஷன்னு சொல்லிருங்க மிஸ்ஸி" என்றார்.

"முடியாது தம்பி. அது அவங்க உடம்பு."

மேலிடத்தில் புகார் செய்வேன் என்றார். செய்யட்டும். டாக்டரைக் கூட்டிப்போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். "வலது பக்க மார்பை வெட்டி எடுத்துருவாங்கம்மா."

அந்த அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ்வளவுதானா மிஸ்ஸி? எல்லாரும் மறைக்கவும், பொழைக்கவே மாட்டேன் போலன்னுல்ல நெனச்சேன்" என்றார். பேனாவைக் கேட்டு வாங்கினார்.

உன் நோட்டு இப்போது என் சீருடைப் பையில் இருக்கிறது. எக்டமிக்கு எதிரே நீ எழுதியது இரண்டே சொல்: வெட்டி எடுத்தல். இனி யாரிடமும் அதை நான் மென்று விழுங்க மாட்டேன்.