மாமாவின் பெயரைச் சொன்ன பாட்டு

ரூகாகுரா,
ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை

அன்பு மகள் கல்புராய்க்கு,

உடம்பு எப்படி, தொண்டை எப்படி, நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள் எப்படி என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பத்து நாளாக மழை விடவில்லை, பஸ் பாலத்தோடு திரும்பிவிடுகிறது. சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. இவ்வளவு மழைக்கும் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான், மரக் கம்பெனியின் பைன் மரங்கள் குடித்தது போக மிச்சம்தானே நமக்கு, லாரித் தண்ணீரைத்தான் இன்னும் பிடித்து வைக்கிறோம். அங்கே கோடைதான் என்றாலும் பாடிவிட்டு வியர்வையோடு இரவுக் காற்றில் வெளியே வராதே, கழுத்தைச் சுற்றிக்கொண்டு வா.

செவ்வாய்க்கிழமை தெமுகோ கோர்ட்டில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் காலையிலிருந்து கடைசிவரை அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன், அதை வரிசையாக எழுதுகிறேன், பதறாமல் படி. பிப்ரவரியில் மரக் கம்பெனி பூட்டிவைத்த ஊற்றங்கரைக் கேட்டின் சங்கிலியை எலியாசர் மாமா வெட்டி மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிப்போனது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே வாரம் மரக் கம்பெனியின் இயந்திரத்தை யாரோ கொளுத்தினார்கள். கேட்டைத் திறந்தவன்தான் கொளுத்தினான் என்பது அரசு வக்கீலின் கட்சி. ஆனால் திறந்தது யார் என்று சொல்ல அவரிடம் ஒரு சாட்சியும் இல்லாமல் இருந்தது, உன் பாட்டு வரும்வரை. நாலு பேர் முன்னால் நின்றால் எந்த மண், யார் வழி என்று சொல்லிவிட்டுத்தான் நாம் பேச்சைத் தொடங்குவோம். நீயும் கடல் கடந்து பில்பாவோவில் மேடையேறி உன் பாட்டை அப்படித்தான் தொடங்கினாய். ஊற்றங்கரைக் கேட்டின் சங்கிலியை வெட்டிய எலியாசர் பைனேமில் என்பவர் என் தாயின் தம்பி, அவர் மருமகள் நான் என்றாய். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்தொரு வருஷம் ரேடியோவில் செய்தி சேர்த்தவன், சொன்னவன் பெயரை மறைக்கத் தெரிந்தவன், எனக்கே தோன்றவில்லை. ஜூனில் என் பழைய நிகழ்ச்சியில் அந்தப் பாட்டை இரண்டு தரம் போட்டு, பாடுவது என் மகள் என்று வேறு சொன்னேன். ஜூலை மூன்றாம் தேதி போலீஸ் வந்து மாமாவைக் கூட்டிப்போனது. என்னாலதான்ப்பா, என்னாலதான்ப்பா என்று போனில் நீ அழுதது பாதிதான் சரி, மறுபாதி என்னுடையது.  அம்மா ரேடியோப் பெட்டியைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டில் வைத்துவிட்டாள், அதுங்களாவது வாயை மூடிட்டு கேக்கும் என்றாள்.

கோர்ட்டில் அரசு வக்கீல் உன் பாட்டை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டார். பின்வரிசையில் நம் பெண்கள் காலால் தாளம் போட, நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், நிறுத்தினார்கள். மாமா அந்தப் பாட்டை அன்றைக்குத்தான் முதல்தரம் கேட்கிறார். என் பக்கம் திரும்பி, நம்ம புள்ளையா மச்சான், ஏன் இப்படி ஓட்டமா ஓடுது, யாராச்சும் துரத்துறாங்களா என்றார். காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு வாதாடும் வக்கீலம்மா முன்கூட்டியே எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நீங்கள் வாயே திறக்காதீர்கள், அந்தப் பெயரில் இந்தப் பக்கம் ஐந்து பேர் இருக்கிறார்கள், பாட்டு கற்பனை என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மாமாவும் தலையாட்டியிருந்தார். ஆனால் பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றார். வக்கீலம்மா சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. ஒருவர் தன் வழியைச் சொல்லி உன்னை உறவென்று பெயரிட்டால் நீயும் உன் வழியைச் சொல்லி அதை ஏற்க வேண்டும், பேசாமல் இருந்தால் அவரை ஒதுக்கியதாகத்தான் அர்த்தம், இது உனக்குத் தெரியும், வக்கீலம்மாவுக்குத் தெரியாது. மாமா நம் மொழியில் தன் மண்ணைச் சொன்னார், தாய்வழி சொன்னார், தகப்பன்வழி சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர் குடும்ப விவரம் சொல்கிறார் என்று ஒரே வரியில் முடித்தார். மாமா பேச்சை நிறுத்தி, ஏன் சுருக்குற, எங்க தாத்தன் உனக்கு என்ன கெடுதல் பண்ணினாரு என்று கேட்டார். முதலிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல வைத்தார். பன்னிரண்டு நிமிஷம், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில், பாடுனது என் அக்கா மக, அது சொன்ன எலியாசர் நான்தான், சங்கிலிய வெட்டுனதும் நான்தான், மாட்டுக்குத் தாகம், தீ நான் வைக்கல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வக்கீலம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நடந்த சேதத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மார்ச் மாதம் விசாரணை தொடங்கும்வரை மாமா உள்ளேதான். சங்கிலிக்கு மட்டும் என்றால் சட்டக் கணக்குப்படி ஐந்நூற்று நாற்பத்தொரு நாள் போடலாம், தீயும் சேர்ந்தால் பத்து வருஷம் ஆகலாம் என்கிறாள் வக்கீலம்மா. கேட்டைத் திறந்ததற்கு மேல் தீக்கு என்ன சாட்சி என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டது மட்டும்தான் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று. அவர் தேடித் தர அவகாசம் கேட்டிருக்கிறார்.

நேற்று சிறையில் பார்வை நாள். வறுத்த கோதுமை மாவும் கம்பளிச் சாக்ஸும் கொண்டுபோனோம். அம்மா உட்கார்ந்ததும் திட்டத் தொடங்கினாள், உனக்கு வாய்ப்பூட்டு போடத் தெரியாதா, அவ சின்னப் புள்ள தெரியாம பாடிட்டா, வளர்ந்தவன் உனக்கு எங்க போச்சு புத்தி என்று. மாமா மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே கேட்டார். அத்தனை பேரு முன்னாடி என்னைய மாமான்னு சொல்லுது, நான் அங்க நின்னு அது வேற எவனோன்னு சொல்லவாக்கா என்றார். அம்மா சாக்ஸை எடுத்து அவர் மடியில் வைத்தாள். நீ பாட்டை இணையத்தில் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டாய் என்று நான் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த ஒன்றரை மாதத்தில் அவர் முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான். நான் சொன்ன பதில் கோர்ட்டு காகிதத்துல இருக்கு மச்சான், அவ சொன்னதை எடுத்துட்டா நான் யாருக்குப் பதில் சொன்னேன் என்றார். திரும்பப் போடச் சொல்லு, ஒரு வார்த்தை குறையக் கூடாது என்றார்.

வக்கீலம்மாவிடம் கேட்டேன். அவரே ஒப்புக்கொண்ட பிறகு பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்குக்கு ஒன்றுதான் என்றாள். ஆகவே திரும்பப் போடு, கல்புராய். அம்மாவுக்கு இன்னும் மனசில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இனிமேல் எழுதும் பாட்டில் உயிரோடு இருப்பவர்கள் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் அவர்களையே ஒரு வார்த்தை கேள். என்னைக் கேட்டுப் பயனில்லை என்பதுதான் தெரிந்துவிட்டதே.

நம் ஆற்றுக்கும் மலைக்கும் உரிய காவல் தெய்வங்கள் உன்னோடு நிற்கட்டும், போகும் வழியெல்லாம் உன் குரல் கெடாமல் இருக்கட்டும். மறக்காமல் மாமாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது. சிறை வாசலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். படிக்கட்டும், உன் முழுப் பெயரோடு எழுது.

உன் அப்பா,
எரால்தோ கயுபான்