எந்தப் போனிலும் திறக்கிறது, மதினி

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நாம் இருவரும் சேர்ந்து நடத்திய மாடி அலுவலகம் போடியில் அதே இடத்தில் இருக்கிறது. அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நான் நன்றாகத் தூங்குகிறேன். நீங்கள் எதை நினைத்துப் பயந்தீர்களோ, அது நடக்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் நாம் கடைசியாகப் பேசியதுகூட நம் சோலியைப் பற்றித்தான். சாகக் கிடக்கிறவள் பிரவுசரைப் பற்றிப் பேசுகிறாளே என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு, பறித்த காயின் எடை, உலர்த்தி எடுத்த மூட்டை என்று எல்லாம் நாம் எழுதிய மென்பொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அது எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

நாம் அதை எழுதிய காலத்தில் பிளகின்தான் சரியான வழி. அன்றைய வலைப்பக்கத்துக்குத் தராசோடு பேசத் தெரியாது, மூட்டைக்கு ஒழுங்காகச் சீட்டு அச்சடிக்கத் தெரியாது. பிரவுசருக்குள் தனியாக ஒன்றைப் பொருத்தினால்தான் அதெல்லாம் நடந்தது. பிறகு பிரவுசர்கள் ஒவ்வொன்றாகப் பிளகினைக் கைவிட்டன. நாமோ தோட்டத்து அலுவலகங்களில் பழைய கம்ப்யூட்டரையும் பழைய பிரவுசரையும் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு காலம் தள்ளினோம். 'அப்டேட் கேட்டால் அமுக்காதீர்கள்' என்று ஒவ்வொரு திரையிலும் சீட்டு ஒட்டினீர்களே, நினைவிருக்கிறதா?

"ஜோதி, புதுசா எழுதுறத ஒத்தையில உன்னால முடிக்க முடியாது. ரெடிமேடா போர்ட்டல் விக்கிற அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டயே எல்லாத்தையும் குடுத்துரு. நீ உன் உடம்பப் பாரு" என்று அந்தக் கட்டிலில் கிடந்தபடி சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன செய்ய?

அண்ணனும் அதையேதான் சொன்னார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு போர்ட்டல்காரர்களை அவரே வரவழைத்தார். வந்தவர் மரியாதையான மனிதர். அவர் காட்டியதும் நன்றாகத்தான் இருந்தது. ஒரே வாசல், ஒரே கடவுச்சொல், உள்ளே போனால் வருகைப்பதிவு, இருப்பு, விடுமுறை எல்லாம் பளிச்சென்று வரிசையாக இருந்தன. பராமரிப்பு அவர்கள் பாடு. உங்கள் சொல்லைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கும் ஆசையாகவே இருந்தது.

அதை ஒரு தோட்டத்தில் ஓட்டிப் பார்த்தேன். யார் எந்த ஜீப்பில் ஏறினார்கள் என்று குறிக்க அதில் இடமில்லை. நமக்கென்று அதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டதற்கு, மேலிடத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். உள்ளே நுழைய ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் வேண்டுமாம். ஆள் கூட்டிப் போகிற பேச்சியக்கா மின்னஞ்சலுக்கு எங்கே போவார்? இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். கடைசியாக ஒன்று கேட்டேன். என்றைக்காவது நாங்கள் வேறு பக்கம் போக நினைத்தால், எங்கள் பதிவுகளை மொத்தமாக வெளியே எடுக்க வழி உண்டா?

"எங்ககிட்ட பத்திரமா இருக்கும்போது, நீங்க எதுக்கு மேடம் வெளிய எடுக்கணும்?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பழையது நினைவுக்கு வந்தது. ஒரு முறை பிளகினை நம்பி ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு போதாதா, மதினி?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் என்னோடு சரியாகப் பேசவில்லை. "அவ சொன்னதக் கேக்க மாட்டியா? நீயும் படுத்துட்டா நான் என்ன செய்வேன்?" என்று ஒரு நாள் கேட்டார். புது மென்பொருளுக்காக நீங்கள் பாதி எழுதி வைத்திருந்த பக்கங்களைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, எல்லாப் பிரவுசருக்கும் பொதுவான முறையில் மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்தேன். பிளகின் இல்லை, தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். சிக்னல் இல்லாவிட்டால் போனே பதிவை வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்பும்.

எல்லாம் கைகூடியது என்று பொய் சொல்ல மாட்டேன். தராசை நேரடியாக இணைப்பது இன்னும் சரியாகவில்லை. எடையைக் கையால்தான் அடிக்கிறார்கள், அதற்கு என்னைத் திட்டவும் செய்கிறார்கள். ஒரு தோட்டக்காரர் போர்ட்டலுக்கே போய்விட்டார். அவருக்கு அதுதான் வசதி, சந்தோஷமாகத்தான் இருக்கிறார். மற்றவர்கள் நம்மோடு நின்றார்கள்.

இப்போது ஆடி மழையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மதியம் தாண்டி, போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து ஒரு ஜீப்பு மாட்டிக்கொண்டது என்று ஊருக்குள் பேச்சு பரவியது. காலையில் மேலே போன பெண்கள் இறங்குகிற நேரம். யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கவில்லை. ஜீப்பு ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. நானும் அண்ணனும் ஓடினோம். போனை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் நம் ஜீப்புப் பதிவு வலைப்பக்கத்தைத் திறந்தார்.

காலையில் ஏறியவர்களின் பெயர்கள் இருந்தன. இறங்குவதற்கு ஏறியதாக எந்தப் பதிவும் இல்லை. அதை வைத்து என்ன சொல்வது? ஜீப்பில் ஏறவே இல்லையா, சிக்னல் இல்லாமல் பதிவு வந்து சேரவில்லையா? எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் தங்கள் போனில் அதைத் திறந்துகொண்டார்கள். கண்ணாடி கீறிய போன், பழைய போன், பேரன் விளையாடுகிற போன் எல்லாவற்றிலும் திறந்தது. பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். மழை விடவில்லை.

சிறிது நேரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுத்து மாறத் தொடங்கியது. 'தோட்டத்தில் தங்கல்.' பேச்சியக்கா மழையைப் பார்த்ததும் யாரையும் ஜீப்பில் ஏறவிடாமல் தோட்டத்து வீடுகளிலேயே தங்க வைத்திருக்கிறார். அதைப் பதிந்துவிட்டு, மேட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நனைந்துகொண்டே நடந்து போயிருக்கிறார்.

அண்ணன் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். பெயர் கேட்டவர்கள் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மக பேர இன்னொருக்க வாசிங்கப்பு" என்றார். அண்ணன் வாசித்தார். அவர் மறுபடியும் கேட்டார். அண்ணன் மறுபடியும் வாசித்தார்.

சரிவில் சிக்கியது காலி ஜீப்பாம். டிரைவர் முன்பே குதித்துத் தப்பிவிட்டார். மறுநாள் பாதை திறந்ததும் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பேச்சியக்காவிடம் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். அவரோ, அந்த 'தங்கல்' பொத்தான் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, ஈரக் கையில் அமுங்கவில்லை, வெரசா பெரிசாக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அண்ணன், "அவ இருந்தா உன்னத் திட்டியிருக்க மாட்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பல மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அப்போது இறங்கியது. அப்படித்தானா, மதினி? திட்டியிருக்க மாட்டீர்களா?

இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. தேவாரம் ஊரிலிருந்து சுமதி என்று ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அந்தப் பொத்தானைப் பெரிதாக்கியது நானில்லை, அவள்தான். பக்கத்தை அவளே பிரித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, என்னைக் கூப்பிடாமலே முடித்துவிட்டாள். அன்று எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். நான் இல்லாமல் ஒரு நாள் ஓடியது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

நீங்கள் சொன்னதில் பாதியை நான் கேட்கவில்லை. மீதிப் பாதியைக் கேட்கிறேன். இனி எதையும் என் தலைக்குள் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன். யார் வந்தாலும் பிரித்துப் படித்து, திருத்தி, மேலே கொண்டுபோகிற மாதிரியே எழுதுவேன். ஒத்தையாக இழுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

பயப்படாமல் இருங்கள்.

உங்கள் புருஷனின் தங்கை, உங்களுக்கும் தங்கை,
ஜோதி