பாலாடை நிறச் சுவர்

பக்கத்து வீட்டுச் சீன அக்கா சீனப் பெருநாளுக்காக வீட்டுச் சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து அந்த வாடை நடைபாதை முழுக்க நிற்கிறது. கதவைச் சாத்தினேன், சன்னல் வழியாக வந்தது. சன்னலையும் சாத்திவிட்டு, இந்தப் புழுக்கத்தில் உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு இனி மருந்து கேட்காது என்று மருத்துவர் சொன்ன மறுவாரம், நீங்கள் என்னைச் சாயக் கடைக்கு அழைத்துப் போனீர்கள். இந்த வீட்டை வாங்கிய நாள் முதல் நம் கூடம் நீலமாகவே இருந்தது. இப்போது எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"வெள்ளை எடுங்கண்ணே, எல்லாத்துக்கும் சேரும்லா" என்றார் கடைக்காரர்.

"வெள்ளை வேணாம் தம்பி. ஆஸ்பத்திரியில பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு."

வண்ண அட்டையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. காய்ச்சிய பாலில் படியும் ஆடையின் நிறம். அதைத்தான் எடுத்தீர்கள்.

ஆள் வைக்கலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டும் உயரம்வரை நீங்கள் பூசினீர்கள். ஏணியில் நின்று அதற்கு மேலே நான். மூச்சு வாங்கினால் சாய உருளையைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"யாருக்குங்க இதெல்லாம்?"

"ஆளுங்க வருவாங்கல்ல" என்றீர்கள். "அந்த நீலச் சுவர்ல எல்லார் மூஞ்சியும் செத்த மாதிரி தெரியும். நீ அழுதுக்கிட்டு உக்காந்திருப்ப. பார்க்கறவங்களுக்கு நீயும் போயிடுவியோன்னு பயமா இருக்கும்."

நான் ஏணியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசிச் சுவர் முடிந்த அன்றே உங்களுக்கு மூச்சுத் திணறியது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வந்தது ஆட்களின் தோளில். நீங்கள் சொன்னபடியே கூடம் நிறைந்தது. வந்தவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். "வீடு நல்ல வெளிச்சமா இருக்கு" என்று யாரோ ஒருவர் மெல்லச் சொன்னார். எழுந்துபோய் அந்தச் சுவரை நகத்தால் சுரண்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"என்னோட வந்துடுங்கம்மா, தனியா என்ன செய்வீங்க" என்று பட்டர்வொர்த்திலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போக மனமில்லை. இருக்கவும் முடியவில்லை. மாலையில் இந்தக் கூடம் இதமாகத்தான் இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகளிடம்கூடச் சொல்லாதது ஒன்று உண்டு. மருத்துவமனையில் அவள் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தபோது, மூக்கில் இருந்த குழாயை விலக்கி, "சாயம் காஞ்சிருக்கும். வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டீர்கள்.

"காலையில போலாங்க" என்றேன்.

சரி என்று தலையசைத்தீர்கள். நான் சொன்னதை நம்பித்தான் அசைத்தீர்களா, என் மனம் நோகக் கூடாது என்று அசைத்தீர்களா? கேட்க ஆளில்லை. அந்தத் தலையசைப்போடுதான் எழுந்திருக்கிறேன், அதோடுதான் படுக்கிறேன்.